தனித் தம்ளருக்கு விடுதலை

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் தங்கை நலம். நான் நலமா என்பதை இரண்டு டாக்டர்கள் பேசி முடிவு செய்கிறார்கள்.

கழுத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. சுளுக்கு என்று உங்கள் தங்கை தைலம் தேய்த்தாள், அது அசையவில்லை. ஒரு துணுக்கை வெட்டிச் சோதித்தவர்கள் நிணநீர்ப் புற்று என்றார்கள். ரத்தப் புற்று வகையைச் சேர்ந்ததாம். ஆனால் மெதுவாக நகரும் ரகமாம், நம் அலுவலகக் கோப்பு மாதிரி. பிறகு ரத்தப் புற்று பார்க்கும் டாக்டர், கல்லீரலில் பழைய தொந்தரவு உண்டா என்று கேட்டார். கழுத்தைக் காட்டப் போனவனிடம் கல்லீரலை விசாரிக்கிறாரே என்று நான் விழிக்க, உங்கள் தங்கை பெருமையோடு சொன்னாள்: "ஹெபடைட்டிஸ் சி ரொம்ப வருஷமா இருக்கு டாக்டர். ஆனா தனித் தம்ளர் வச்சிருக்கோம்."

"தம்ளர் இருக்கட்டும்மா. மாத்திரை குடுத்தீங்களா?"

யாரும் கொடுக்கவில்லை. அந்தக் கல்லீரல் வைரஸ் வெளியேறாமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்தால், அதை விரட்டப் பெருகிக்கொண்டே இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒன்று சிலருக்குத் தடம் புரண்டுவிடுமாம். இரண்டு நாளுக்கென்று வந்து நீங்கள் மழைக்காலம் முழுக்கத் தங்கியபோது என் புத்தி இருந்த நிலைதான் என்று உடனே புரிந்துகொண்டேன். முதலில் கல்லீரல் டாக்டர் மாத்திரையால் வைரஸை ஒழிப்பாராம். சிலருக்கு அதிலேயே கட்டியும் கரையுமாம். எனக்குக் கரையுமா என்று ரத்த டாக்டரைக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் கண்ணாடிக்கு முன் கழுத்தைத் தடவுவதுதான் எனக்கு வேலை.

இன்னொன்றும் கேட்டேன். தம்ளர், தட்டு, நாற்காலி, தும்மல் எதிலும் இது ஒட்டாதாம். ரத்தம் கலந்தால்தான் பரவுமாம். தனித் தம்ளர் சட்டம் போட்டது நீங்கள். எனக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு என் சாய்வு நாற்காலியைத் துடைத்துத் துடைத்து நீங்களே உட்கார்ந்தீர்கள். நான் தும்மினால் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டு வந்தீர்கள். பரவாயில்லை. என்னால் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் தங்கை கேட்டாள்: "அண்ணன் இங்க இருந்தப்ப உங்க ரேசர்லதானே ஷேவ் பண்ணுச்சு? போறப்ப அதையும் எடுத்துட்டுப் போச்சே?" மேலே எழுதிய நிம்மதியை ரத்து செய்துகொள்ளவும். நாளைக்கே ரத்தம் கொடுத்துச் சோதியுங்கள். வைரஸ் இருந்தாலும் மாத்திரையில் போய்விடும், பயம் வேண்டாம். தனித் தம்ளர் இங்கே சும்மாதான் இருக்கிறது. அனுப்பட்டுமா?