பூண்டு வயலில் முளைத்த கோபுரங்கள்

மதிப்பிற்குரிய பத்திரிகையாளரும் என் உடன்பிறந்த தம்பியுமான இன்குவுக்கு, கொம்சில் கிராமத்திலிருந்து அண்ணன் தொக்பால் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் நலம். பூண்டு வயல் நலமில்லை. காரணம் நீ.

வசந்தத்தில் அரை நாள் வந்தாய். நம் வயல் நடுவே நிற்கும் மூன்றடுக்குக் கல்கோபுரத்தையும் தலையில்லாத புத்தரையும் படம் பிடித்தாய், சரி. ஆயிரம் வருஷத்துச் சாமான்கள், ஊருக்கே பெருமை. ஆனால் வரப்போரம் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு கல் இருந்ததே, அதையும் படம் பிடித்து, அந்தக் காலத்துத் துறவிகள் வைத்த வேண்டுதல் கல் என்று பத்திரிகையில் எழுதினாயே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? தண்ணீர்க் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிய நான் வைத்த அடையாளமடா அது.

இப்போது பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். கும்பிட்டுவிட்டு ஆளுக்கொரு குட்டிக் கல்கோபுரம் அடுக்குகிறார்கள். பூண்டு எடுத்தபின் போட்டிருந்த எள்ளை அறுத்ததும் வயலுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். கல் போதாமல் என் வரப்பில் பதித்த கல்லையும் பிடுங்கி அடுக்கினார்கள். நேற்று எண்ணினேன், இருநூற்றுப் பதினாறு. இதில் குழாய் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் பூண்டு ஊன்றாவிட்டால் அடுத்த வருஷம் எங்கள் பாடு திண்டாட்டம்தான். தள்ளிவிடலாம் என்று மண்வெட்டியோடு இறங்கினால் உன் அண்ணி வழிமறிக்கிறாள். "ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தரோட வேண்டுதல். இடிச்சா அந்தப் பாவம் நம்ம தலையிலதான் விடியும்" என்கிறாள். டிராக்டர் வைத்திருக்கும் சில்யோங்கைக் கூப்பிட்டேன். வயலைப் பார்த்ததும் இஞ்சினை அணைத்துவிட்டான். "அண்ணே, என் பொண்ணுக்கு அடுத்த மாசம் காலேஜ் நுழைவுப் பரீட்சை. வேற ஆளப் பாத்துக்குங்க" என்றான். போகிற போக்கில் அவனும் ஒன்று அடுக்கிவிட்டுப் போனான்.

ஆகவே கட்டளையாகவே சொல்கிறேன். வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டு உடனே வா. நீ கிளப்பிய வினை, உன் கையாலேயே எல்லாவற்றையும் கலைத்துப் போடு. மூன்று வருஷமாகச் சூசோக் அறுவடைத் திருநாளுக்கு அப்பா சமாதியில் புல் வெட்ட நான் ஒருத்தன்தான் போகிறேன். கேட்டால் வேலை, வேலை. புத்தருக்குத் தலையே இல்லை, பாவம். உனக்கு இருந்தும் என்ன பிரயோஜனம்?

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உனக்கு இப்போது கிடையாது, வயலைக் காலி செய்த பிறகு தருகிறேன்.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் அண்ணன்,
தொக்பால்

பி.கு.: புத்தரின் இடது முழங்காலருகே உள்ள ஐந்து கல் கோபுரத்தில் மட்டும் கை வைக்காதே. மேலே சொன்ன கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அது நான் அடுக்கியது. நீ வந்து வயலில் நின்றுவிட்டால் அதற்கு வேலை முடிந்தது. நானே எடுத்துவிடுவேன்.