முக்கோணப் புல்லும் கொண்டை நீர்ப்பல்லியும்

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள முக்கோணத் திடலில் புல் பெஞ்சின் கால்களை விழுங்கிவிட்டு உட்காரும் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்று காலை இதைப் பற்றிக் கிளைவ் ஹாப்டேயிடம் புகார் சொல்லாதவை லிட்டில் பென்னிங் கிராமத்தில் நாய்கள் மட்டும்தான். அவற்றுக்கு அந்தப் புல் மிகவும் பிடித்திருந்தது.

"பஸ்ஸுக்கு நின்னதுக்கு முழங்கால் வரைக்கும் நனைஞ்சு போச்சு" என்றார் மிஸஸ் பெக். "புல்லுக்குப் பொறுப்பு நீங்கதானாமே?"

நீங்கதானாமே என்பதில் இருந்த அந்த இழுப்பு கிளைவுக்கு நன்றாகக் கேட்டது. ஏனென்றால் தப்பு அவருடையதுதான். ஊராட்சி மாதிரியான பாரிஷ் கவுன்சிலில் அவரிடம் ஒப்படைத்திருந்தது ஒரே ஒரு வேலை: வசந்தம் வந்ததும் புல்வெட்டும் லென்னுக்கு போன் செய்ய வேண்டும். மறந்துவிட்டார். ஞாபகம் வந்து கூப்பிட்டபோது லென் மனைவியோடு டெனரீஃப் தீவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

தானே வெட்டிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காப்பீடு இல்லாமல் கவுன்சில் நிலத்தில் எந்த உறுப்பினரும் இயந்திரம் ஓட்டக்கூடாது என்று தீர்மானம் இருக்கிறது. முதல் கூட்டத்திலேயே அதைக் கொண்டுவந்த மகாபுத்திசாலி கிளைவேதான்.

வெறும் புல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். கிளைவ் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அவர் பெயர் 'புதுசா வந்தவர்'. கேக் விற்பனையில் மேஜை தூக்கினார், சர்ச் சுவருக்கு வெள்ளையடித்தார், கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒட்டகத்தின் பின்னங்காலாகக்கூட நடித்தார். அப்படியெல்லாம் பாடுபட்டுப் பிடித்த கவுன்சில் நாற்காலி அது. அதில் உட்கார்ந்த முதல் வருடமே புல்லைக் கோட்டைவிட்டார் என்று தெரிந்தால், சாகும்வரை புதுசா வந்தவர்தான்.

கவலையோடு குளக்கரையில் நடந்தார். அங்கே அந்தப் பலகை நின்றது: 'கொண்டை நீர்ப்பல்லி வாழும் இடம். தொந்தரவு செய்யாதீர்கள்.'

லிட்டில் பென்னிங்கின் பெருமையே அந்த நீர்ப்பல்லிதான். நம் வீட்டு உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு சகுனம் சொல்லும் ரகமில்லை. தண்ணீரில் வாழ்வது, முதுகில் சேவல் மாதிரி கொண்டை, சட்டப் பாதுகாப்பு உள்ளது. கவுன்சில் தலைவி மார்ஜரி டஃப்னல் குளத்துக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், தூர்வாரும் வேலை நடந்தே தீரவேண்டிய வாரத்தில், அவர் கண்ணில்தான் அது முதலில் பட்டது. அதற்குப் பிறகு யாரும் குளத்தில் கை வைக்கவில்லை. ஊர்ப் பெயர்ப் பலகையில் நீர்ப்பல்லி, மதுக்கடையின் பெயர் நீர்ப்பல்லி, கோடை விழாவில் நீர்ப்பல்லி வடிவ பிஸ்கட். அதைப் பார்க்காத ஆளே ஊரில் கிடையாது, கிளைவைத் தவிர. புதுசா வந்தவருக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று அவரும் இருந்துவிட்டார்.

பலகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்ற கிளைவ் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் மரத்துண்டும் பெயின்டும் எடுத்தார். மத்தியானத்துக்குள் முக்கோணத்தில் ஒரு பலகை முளைத்தது: 'அரிய பூ. மிதிக்காதீர்கள். புல்லை வெட்டாதீர்கள்.'

லென் திரும்பிவரும்வரை தாங்கினால் போதும் என்பதுதான் அவர் கணக்கு.

பலகை அபாரமாக வேலை செய்தது. புகார் நின்றது. மிஸஸ் பெக் நனைந்த காலோடு நின்று பெருமைப்பட்டார். ஆனால் அந்த வாரக் கவுன்சில் கூட்டத்தில் மார்ஜரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, அது என்ன பூ என்று கேட்டுவிட்டார். கிளைவுக்குத் தெரிந்தது ரோஜாவும் டேலியாவும்தான். நல்லவேளை, சமையலறைக் காலண்டரில் ஜூன் மாதப் படம் கண்முன் வந்தது.

"தேனீ ஆர்க்கிட்" என்றார்.

மார்ஜரி அவரையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, "கயிறு கட்டிப் பாதுகாக்கணும்" என்று தீர்மானம் போட்டார். எல்லாக் கையும் உயர்ந்தது. அத்தனை வருடத்தில் முதல்முறையாக யாரோ கிளைவின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அந்தத் தட்டலின் சுகத்தில் அவர் உண்மையைச் சொல்லும் கடைசி வாய்ப்பையும் விட்டார்.

மறுநாளிலிருந்து ஊர் திரண்டு பூப் பார்க்க வந்தது. இல்லாத பூவைப் பார்க்க முடியாமல் யாராவது திரும்புவார்கள் என்று கிளைவ் நடுங்கினார். ஒருவரும் அப்படித் திரும்பவில்லை. தபால்காரர் ஒன்றைப் பார்த்தார். மிஸஸ் பெக் இரண்டைப் பார்த்தார். தபால்காரரைவிடத் தனக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று அதற்குக் காரணமும் சொன்னார்.

பக்கத்து ஊரான கிரேட் பென்னிங்கிலிருந்தும் கார்கள் வந்தன. வந்தவை ஓரத்தில் நின்றன, டிராக்டர் போக வழியில்லாமல் சண்டை வந்தது. கிளைவ் 'இங்கே கார் நிறுத்தாதீர்கள்' என்று இன்னொரு பலகை வைத்தார். இரண்டு பலகை வைக்கும் அளவுக்கு அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்க்க மேலும் கார்கள் வந்தன. யாரோ பலகையைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள்.

அதன் பலன் மார்ஜரி வீட்டுத் தேநீர் நேரத்தில் வந்து சேர்ந்தது. கிளைவும் அங்கே இருந்தார். போனை எடுத்துப் பேசிய மார்ஜரியின் கையிலிருந்து கோப்பை நழுவித் தரையில் சிதறியது. அவர் எதையும் கைநழுவவிட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"மாவட்ட இயற்கைச் சங்கத்துலேருந்து டாக்டர் ஹெஸ்டர் ப்ளைத் வர்றாங்களாம். சனிக்கிழமை" என்றார். "நிபுணராம்."

சந்தோஷத்தில் நழுவிவிட்டது என்றுதான் கிளைவ் எண்ணினார். மார்ஜரியின் கணவர் ரெஜ் மட்டும் ஒன்றும் பேசாமல் துடைப்பம் எடுத்து வந்தார். ரெஜ் எப்போதுமே பேசமாட்டார். கூட்டங்களில் நாற்காலி மடிப்பது அவர் வேலை.

வேறு வழி தெரியாமல் கிளைவ் டவுனுக்குப் போய் ஒரு ஆர்க்கிட் வாங்கி வந்தார். ஊதா நிறம், ஒவ்வொரு பூவும் தேநீர்த் தட்டு அகலம்.

மனைவி டாரீன் அதைப் பார்த்துவிட்டு, "இது குளியலறை ஜன்னல்ல வைக்கிறது" என்றாள். "காலண்டர்ல இருக்கிறது உன் கட்டைவிரல் நகம் அளவுதான். பேசாம மார்ஜரிகிட்ட உண்மையைச் சொல்லிடேன்."

"சொல்லிட்டு எந்த ஊருக்குக் குடிபோறது?" என்றார் கிளைவ்.

சனிக்கிழமை விடியற்காலையில், ஊர் எழுந்திருக்கும் முன் நட்டுவிடலாம் என்று தொட்டியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினார். கிரேட் பென்னிங் சாலை வளைவில் எதிரே ரெஜ். இடுப்புவரை ரப்பர் பூட்ஸ், கையில் ஈரத்துணி போட்டு மூடிய வாளி. இருவரும் அப்படியே நின்றார்கள்.

"நடை" என்றார் ரெஜ்.

"நானும்" என்றார் கிளைவ். அவர் கழுத்துப்பட்டைக்கு மேலே ஒரு ஊதாப் பூ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நல்ல ஆங்கிலேயர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் வேறெதுவும் கேட்கவில்லை. வானிலை பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டு பிரிந்தார்கள்.

நட்டது இன்னும் பெரிய வினையாகிவிட்டது. காலை உணவுக்குள் அரை ஊர் அங்கே கூடியிருந்தது. நேற்றுவரை இரண்டு பூ பார்த்த மிஸஸ் பெக், "ஒரே ராத்திரியில எப்படி வளர்ந்துட்டுது பாருங்க" என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். நிபுணர் இதைப் பார்த்தால் ஒரு விநாடியில் சிரித்துவிடுவார், அந்தச் சிரிப்பு மாவட்டம் முழுக்கக் கேட்கும் என்று கிளைவுக்குப் புரிந்துபோயிற்று. அப்போதுதான் லென் முந்தின இரவே ஊர் திரும்பிவிட்டது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் போன் செய்தார். எல்லோரும் ஊர்க் கூடத்தில் தேநீர் குடிக்கும் நேரத்தில் முக்கோணத்தை மொட்டையடித்துவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. லென் கேட்கவில்லை. விடுமுறை முடிந்து முதல் வேலை, அவருக்குச் சந்தோஷம்தான்.

டாக்டர் ஹெஸ்டர் ப்ளைத் உயரமான, வெயிலில் பழுத்த முகமுள்ள அம்மாள். வந்ததும் பூவிடம் போக வேண்டும் என்றார். மார்ஜரி விடவில்லை. தேநீர் கொடுத்தார், ஸ்கோன் பன் கொடுத்தார், ஊர்ச் சரித்திரத்தை ரோமானியர் காலத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கூட்டத்தைக் கச்சிதமாக முடிப்பதில் பேர்போன மார்ஜரி இன்று ஏன் இப்படிப் பேச்சை வளர்க்கிறார் என்று கிளைவுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த வளர்த்தலுக்கு மனதார நன்றி சொன்னார். ஜன்னல் வழியே லென்னின் இயந்திரச் சத்தம் இனிமையாக வந்துகொண்டிருந்தது.

எல்லோரும் போய்ச் சேர்ந்தபோது முக்கோணம் பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி இருந்தது. கயிறும் இரண்டு பலகைகளும் மட்டும் நின்றன. மிஸஸ் பெக் கைக்குட்டையை எடுத்தார். அதைப் பார்க்கக் கிளைவுக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் ஹெஸ்டர் பெருமூச்சு விட்டார். "இது அடிக்கடி நடக்கிறதுதான். யாரையும் திட்டாதீங்க" என்றவர் காரைத் திறந்து பூட்ஸையும் நீளக் கைப்பிடி வைத்த வலையையும் எடுத்தார். "வந்தது வந்துட்டேன். உங்க நீர்ப்பல்லியை எண்ணிட்டுப் போறேன். அதுவும் இல்லேன்னா குளத்துப் பலகையை எடுத்துட வேண்டியதுதான்."

ஊர் மொத்தமும் அவர் பின்னால் குளத்துக்குப் போயிற்று. மார்ஜரி போகவில்லை. முகம் வெளுத்து, இப்போது கால்கள் தெரிந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ரெஜ் பக்கத்தில் நின்றார். தன்னால்தான் மார்ஜரிக்கு இந்த நிலைமை என்று கிளைவுக்கு மனசு பொறுக்கவில்லை.

"மார்ஜரி, பூவே இல்லை" என்றார். "லென்னைக் கூப்பிட மறந்துட்டேன். அதை மறைக்கப் பலகை வச்சேன். அந்த ஊதாப் பூ கடையில வாங்கினது. வெட்டச் சொன்னதும் நான்தான். ராஜினாமா குடுத்துடறேன்."

மார்ஜரி கோபப்பட்டதாகத் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கிளைவைச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். கிளைவ் தயங்கி உட்கார்ந்தார்.

"நீங்க ஒரு மாசம்தான் மறைச்சீங்க" என்று மார்ஜரி மெதுவாக ஆரம்பித்தார். அதற்குள் குளத்துப் பக்கமிருந்து டாக்டர் ஹெஸ்டரின் குரல் ஊர் முழுக்கக் கேட்கும்படி எழுந்தது. இருக்கிறதாம், ஜோடியாக இருக்கிறதாம், ஆணுக்கு என்ன அழகான கொண்டையாம். மிஸஸ் பெக், தான் எப்போதும் அதைத்தான் சொல்லிவந்ததாகச் சொல்வதும் கேட்டது.

மார்ஜரி விருட்டென்று எழுந்தார். வாய் திறந்தபடி இருந்தது.

"இருக்கா?" என்றார்.

ஊருக்கே அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் இதைக் கேட்கிறாரே என்று கிளைவ் திகைத்தார்.

ரெஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்போ இருக்கு, மார்ஜரி. காலையில கிரேட் பென்னிங் குளத்துலேருந்து வாளியில கொண்டுவந்து நான்தான் விட்டேன்."