மாலைக்கு ஏற்ற முகம்

"சாமியா கும்புடுற படத்துல பல்லு தெரியக்கூடாதுண்ணா," என்றான் ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் முனிராஜ்.

கம்ப்யூட்டர் திரையில் தர்ஷினி சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆயுத பூஜையில், வாய் நிறையப் பொரியோடு எடுத்தது. கண் பாதி மூடி, தெத்துப்பல் முழுக்க வெளியே. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் பக்கத்திலும் தலைகுனிந்தே இருந்தாள். அவள் முகமென்று மோகன்குமாருக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். மறுநாள் அவளுக்கு முதல் வருஷத் திதி.

"அப்படியே பெரிசாக்கிக் குடுங்க. அந்தச் சிரிப்பு இருந்தாப் போதும்."

"நல்லா இருக்கே மாப்ள," என்றாள் கூட வந்திருந்த மாமியார் ராசாத்தி. "மாலை போட்ட படம் இளிச்சிக்கிட்டு இருந்தா வாரவுக என்ன நெனைப்பாக? ஏற்கெனவே நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு கோவில்பட்டி வரைக்கும் பேச்சு."



முனிராஜ் திரையில் அவள் வாயை மூடினான். கன்னம் மட்டும் சிரித்தபடியே நின்றதில் பல்வலிக்காரி போலிருந்தது. கன்னத்தை இறக்கினான். கண் தூங்கியது. வேறு யாருடையதோ ஒரு ஜோடிக் கண்ணை வைத்தான். அது முறைத்தது.

"பட்டுச்சேலை மாத்திட்டா சரியாப்போயிடும்."

"மூக்குத்தியும் போடு தம்பி."

"அவ மூக்கே குத்தலியே அத்தை."

"இப்ப வலிக்கவா போகுது?"

மூக்குத்திக்கு மூக்கு எடுப்பாக இல்லையாம். மூக்கும் மாறியது.

"இதுல அவ எது?" என்று கேட்டான் மோகன்குமார்.

முனிராஜ் திரையை உற்றுப் பார்த்தான். "நெத்திண்ணா," என்றான். பிறகு, "வலது பக்கம்."

காலையில் முனிராஜ் பேப்பரில் சுற்றிக் கொடுத்த படத்தை வாங்கி வந்து மாட்டினார்கள். பட்டு, மூக்குத்தி, நேர்ப்பார்வை, தலைக்குப் பின்னால் நீல ஒளி.

"எம் மக அப்படியே நிக்காளே!" ராசாத்தி மாரில் அடித்துக்கொண்டாள்.

"அதே களை," என்றார் கம்பெனி சூப்பர்வைசர் பூபதி.

மோகன்குமார் அந்த வலது நெற்றியைப் பார்த்தான். இருப்பதாகத்தான் பட்டது. பார்க்கப் பார்க்க உள்ளே ஏதோ விட்டுப்போனது. வருஷம் முழுக்க வராத அழுகை, சட்டை நனைய வந்தது. சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு நிம்மதியாக இலையில் உட்கார்ந்தார்கள்.

வாசலில் முனிராஜ் வந்து நின்றான். மூச்சிரைத்தது. கக்கத்தில் இன்னொரு பேப்பர் பொட்டலம்.

"அண்ணா, உங்க வீட்டுக்காரம்மா இங்க இருக்காங்க, அவசரத்துல கடை சாம்பிளைக் குடுத்துட்டேன்; அது நாலு பேரு மொகத்தைப் பிச்சு ஒட்டினது, அப்படி ஒரு பொம்பளையே கெடையாது!"