கொல்லிமலையிலிருந்து மிச்சம் பிடித்த சென்னைக் கரண்ட்

செம்மேடு, கொல்லிமலை
அக்டோபர் 2004

மேலாளர் திரு. வேல்முருகன் அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தாரும், இறைவன் நாடினால் தங்கள் சர்வர்களும் நலமாயிருக்க வேண்டி, தங்களிடம் வேலை பார்க்கும் சித்திகாவின் தகப்பன் அப்துல் அலீம் எழுதுவது. பதற்றத்தில் உளறிவிடுவேன் என்பதால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. தவறு செய்தவன் நான், சித்திகா அல்ல.
2. அது நடந்த விதம்.
3. அவளை வேலையிலிருந்து நீக்க வேண்டாம் என்ற வேண்டுகோள்.
4. இனி எந்த மின்இணைப்பிலும் கை வைக்க மாட்டேன் என்ற உறுதிமொழி.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். வீண் விளக்கு எரிந்தால் எனக்குப் பொறுக்காது. மனைவி குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கை அணைத்து ஏச்சு வாங்கியவன். பிரசவத்துக்கு வந்த மகள், தங்கள் பெருந்தன்மையால், எங்கள் வீட்டு டெலிபோன் ஒயரில் இணைத்த கம்ப்யூட்டர் வழியாகவே சென்னையிலுள்ள சர்வர் மிஷின்களின் மின்சாரத்தைக் கவனிப்பதையும், ஒன்று மக்கர் செய்தால் இங்கிருந்தே அணைத்து மறுபடி போடுவதையும் பார்த்து அசந்து போனேன். செவ்வாய் மதியம் பேத்தி மர்யம் அழுதாள். "அத்தா, செத்த பாத்துக்குங்க. செவப்பு வந்தா கூப்பிடுங்க. எதையும் தொட்டுப்போடாதீங்க" என்று மகள் எழுந்து போனாள். சிவப்பு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு சர்வருக்கும் ஏ, பி என்று இரண்டு மின்வழிகள், இரண்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. ஒரு மிஷினுக்கு இரண்டு பிளக் எதற்கு? ஒரு பி-யை அணைத்தேன். சர்வர் பாட்டுக்கு ஓடியது. பிறகு அடுத்தது. சோதனைச்சாலை ஒழுங்குடன் ஒவ்வொன்றாகக் காத்திருந்து கவனித்து, எல்லா பி-யையும் அணைத்தேன். தாங்கள் நன்றிக் கடிதம் எழுதினால் எப்படி அடக்கமாகப் பதில் போடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

மாலையில் தங்கள் ஆட்கள் ஏ வழியின் பேட்டரியை மாற்ற, பி இருக்கிற தைரியத்தில் ஏ-வை நிறுத்தினார்கள். மொத்தமும் படுத்துவிட்டது. திரை முழுக்கப் பழுத்த காப்பிச்செடி மாதிரிச் சிவப்பு.

"அத்தா, என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு, மிச்சம் பிடிச்சேன்."

அடுப்படியிலிருந்து என் மனைவி ரோஷன் பேகம், "ஏனுங்க, இந்த ஊட்டு லைட்டை அணைச்சது பத்தாதுன்னு மெட்ராசையும் அணைச்சுப்போட்டீங்களா? டெல்லி எப்பங்க?" என்றாள். மகள் சிரிக்கவில்லை. அழுதுகொண்டே ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படி அழக்கூடாது சார். தாங்கள் விசாரித்தபோது என்னைக் காட்டிக்கொடுக்காமல் "நான்தான் செஞ்சேன்" என்றாளாம். அந்தப் பொய்யை நம்பிவிடாதீர்கள். யாரையாவது நீக்கியே ஆக வேண்டுமென்றால் என்னை நீக்குங்கள். நான் தங்களிடம் வேலையில் இல்லைதான், இருந்தாலும்.

தங்கள் தொழில் தழைக்கட்டும். தங்கள் ஏ-வும் பி-யும் என்றும் அணையாதிருக்கட்டும்.

பணிவுடன்,
அ. அப்துல் அலீம்

பின்குறிப்பு: கையெழுத்திட்டதும் இடி இடித்தது. மலையில் இடி கேட்டால் எல்லா ஒயரையும் பிடுங்கிவிடுவது எங்கள் வழக்கம். டி.வி., மிக்சி, கம்ப்யூட்டர், கடைசியாக டெலிபோன் என்று வரிசையாகப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக வந்து உட்கார்ந்தேன். உள்ளறையிலிருந்து சித்திகா ஓடி வந்தாள். "அத்தா! மேனேஜர் லைன்ல இருந்தாருங்க. 'சரிம்மா, இந்த ஒரு தடவை'ன்னு ஆரம்பிச்சாரு, அதுக்குள்ள லைன் போயிருச்சு!"

சார், அந்த வாக்கியத்தின் மீதியைத் தயவுசெய்து தபாலிலாவது அனுப்பி வையுங்கள். மேலே நான்காவதாகச் சொன்னது தவறு.