டாய்லெட் என்றொரு ஃபைல்

சவரிராஜ் முடிவு கட்டிவிட்டார். உட்லண்ட்ஸ் பள்ளிக்கு மாற்றல் கேட்பது! சிராங்கூன் ரோடு வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மூன்று மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, அங்கே பிரிஜட் இருக்கமாட்டாள்.

பிரிஜட் அவர் மனைவி. அவர் கணக்கு வாத்தியாராக இருக்கும் அதே பள்ளியில் தலைமைக் குமாஸ்தா. ஒரு மனுஷனுக்கு வீட்டில் ஒரு பெண்டாட்டி இருந்தால் போதாதா? டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன அன்றே கேன்டீன் ஹலீமாவுக்கு உத்தரவு பறந்தது. அன்றிலிருந்து சாருக்குக் கோப்பி ஓ கோசோங். பாலும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் கறுப்புத் தண்ணீர். ஆறு வருஷம், மாதாவே!

மாற்றல் கடிதத்தை மூன்று வாரம் ஒளிந்து ஒளிந்து ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். பிரிண்டர்தான் பிரிஜட்டின் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் அவள் லீவு. அப்போது பிரிண்ட் எடுத்துவிடலாம் என்றிருந்தார்.

அதற்குள் திங்கட்கிழமை வந்து தொலைத்தது.

"சார், ஸ்டாஃப் ஃபைல் எல்லாத்தையும் ஆபீஸ் சர்வருக்கு மாத்தப் போறோம்," என்றாள் பிரிஜட். பள்ளியில் அவள் 'சார்' போட்டுத்தான் பேசுவாள். "இனிமே எல்லாம் ஒரே இடத்துல. பிரின்சிபல் ஆர்டர்."

"யாரு மாத்துவா?"

"நான்தான்."

"என்னோடதை நானே மாத்திக்கிறேனே?"

"உங்களுக்கு வீட்டு டிவியில சேனலே மாத்தத் தெரியாது."

"ஒவ்வொண்ணாத் திறந்து படிப்பியா?"

"நானூறு ஃபைல் இருக்கு லா! பேரைப் பார்த்துத் தள்ளிவிட வேண்டியதுதான்."

பேரைப் பார்த்தா? சவரிராஜுக்கு மூளை மின்னியது. கடிதத்தை அழிக்க மனசு வரவில்லை. பெயரை மட்டும் மாற்றினார்: 'டாய்லெட்'. இந்தப் பள்ளியில் ரிப்பேர் புகாரை எவன் படித்தான்? மூன்றாம் மாடிக் குழாய் இரண்டு வருஷமாக ஒழுகுகிறது. அன்று முழுக்க விசில் அடித்தபடியே பாடம் நடத்தினார்.

வியாழக்கிழமை இடைவேளை. ஹலீமாவின் கறுப்புத் தண்ணீர் முன்னால் அவர் உட்கார்ந்திருக்க, எதிரில் வந்து அமர்ந்தாள் பிரிஜட்.

"உங்க டாய்லெட் ஃபைலைப் படிச்சேன்."

கோப்பி புரை ஏறியது. "அதை... அதை எதுக்குத் திறந்தே?"

"ரிப்பேர் கம்ப்ளெயின்ட் யாரு மேசைக்கு வருது? ஆறு வருஷமா அதைப் படிக்கிற ஒரே ஆளு நான்தானே! கான்ட்ராக்டர் வரலைன்னா நான் என்ன செய்ய?"

அட மண்டூகமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். பூகம்பத்துக்குத் தயாரானார். அவளோ சிரித்தாள்.

"பிரிண்ட் எடுத்தேன். நாலு தப்புத் திருத்தினேன். பிரின்சிபல் கையெழுத்தும் வாங்கி அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டியா? நிஜமாவா?" சவரிராஜ் கோப்பியைத் தள்ளி வைத்தார். இப்படிப்பட்ட தங்கத்தையா விட்டு ஓடப் பார்த்தோம்!

"காரணம்னு 'குடும்ப நலன்' போட்டிருந்தீங்க. குடும்ப நலன்னா குடும்பமேதானே போகணும்? அதான் என்னோட மாற்றல் கடிதத்தையும் அதே கவர்ல வச்சுட்டேன்."

"பிரிஜட்..."

"கோப்பியை ஆற விடாதீங்க. உட்லண்ட்ஸ் கேன்டீன்ல நம்ம ஹலீமாவோட அக்காதான் கடை போட்டிருக்காங்களாம். சாருக்குக் கோசோங்னு நேத்தே சொல்லியாச்சு."