அம்மி மீட்புப் பேரவையின் முதல் தீர்மானம்

தாமிரவருணிக் கரையின் சுவை காப்பாற்றப்படுவதற்கு இன்னும் இருபத்தாறு மணி நேரமே இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தச்சநல்லூரில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து காந்திமதிநாதன் இதை அறிவித்தார். மறுநாள் நண்பகல் பன்னிரண்டுக்கு 'அம்மி மீட்புப் பேரவை, தச்சநல்லூர் கிளை' கூடும். அம்மியில் அரைத்த தேங்காய்ப்பால் குழம்பான சொதி ஒன்று, மிக்ஸியில் அரைத்த சொதி ஒன்று அதன் முன் வைக்கப்படும். பேரவை ருசிக்கும். உண்மை வெளிவரும். அதன்பின் தெருவில் உள்ள மிக்ஸிகள் அனைத்தும் பேரவை வசம் ஒப்படைக்கப்படும்.

பேரவைக்குத் தலைமையகம் கிடையாது. வேறு கிளைகளும் கிடையாது. உறுப்பினர்கள் ஏழு பேர், எழுவரும் ஆண்கள். அரைப்பதைப் பற்றி உணர்ச்சிவசப்படாமல் சிந்திக்க அரைக்காதவர்களால்தான் முடியும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை.

தலைவர் காந்திமதிநாதன் பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். அவருடைய நாக்கின் நுட்பம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார். செயலாளர் நெல்லையப்பன் எதிர்வீடு. தன் வீட்டில் மிக்ஸி இருப்பதை முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று ஒப்புக்கொண்டு கண் கலங்கியவர். அந்த நேர்மைக்காகத்தான் பதவி.

"குக்கர் இருக்கே வே, விசிலடிக்கித பாத்திரம்," என்றார் தலைவர். "விசிலடிக்கிதவன் கையால சோறு வாங்கித் திம்பீரா?"

"திங்க மாட்டேன் அண்ணாச்சி."

"பிரிட்ஜ்?"

"நீங்களே சொல்லுங்க."

"சாம்பாருக்குப் பிணவறை."

நெல்லையப்பன் அதை எழுதிக்கொண்டார்.

"கிரைண்டர்ல மாவுக்குக் காய்ச்சல் வருது. மிக்ஸியில தேங்காய் செத்தே போகுது. கல்லுல அரைச்சாத்தான் தேங்காய்க்கு உசிரு."

"காஸ் அடுப்பு அண்ணாச்சி?"

காந்திமதிநாதன் யோசித்தார். அவருக்கு விடியுமுன் காப்பி வேண்டும். விறகடுப்பில் அது விடிந்த பிறகுதான் வரும்.

"அதைப் பொறவு பாப்போம்."

அவர் மனைவி சங்கரி இரண்டு காப்பி கொண்டுவந்து வைத்தாள். பி.எஸ்ஸி. வேதியியல். கல்லூரி ஆய்வகத்தில் தோழி உடைத்த கண்ணாடிக் குழாய்க்குத் தன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னபோதுகூட, உடைத்தது நான் இல்லை என்று வாய் திறக்க முடியாமல் நின்றவள்.

சமையல் கருவிகளைப் பற்றி அவளுக்கும் கருத்துகள் இருந்தன. அந்த வீட்டுக் குக்கர் 'மாற்று ஏற்பாடு ஆகும் வரை' அனுமதிக்கப்பட்டிருந்தது. அழுத்தம் தாங்காதபோது சத்தம் போட உரிமை பெற்ற ஒரே ஜீவன் என்று அதன்மேல் அவளுக்குத் தனி மரியாதை. பருப்புத் துவையலுக்கு அம்மிதான், மிக்ஸி அதைச் சாந்தாக்கிவிடும். தேங்காய்ப்பாலுக்கு மிக்ஸிதான். பிழிந்து சக்கையைத் தூரப் போடப்போகிறோம், அதை எதற்குக் கல்லில் போட்டு உருட்ட வேண்டும்? அவளுக்குப் பிடித்த சாப்பாடு பழைய சோறும் அந்தத் துவையலும். இவற்றையெல்லாம் அவளிடம் யாரும் கேட்கவில்லை. எனவே பேரவையின் நடவடிக்கைகளில் அவை இடம்பெறவில்லை.

இன்னொன்றும் இடம்பெறவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அவள் அண்ணன் சீர்வரிசையில் ஒரு மிக்ஸி கொடுத்திருந்தான். "பரண்ல ஏத்து" என்று காந்திமதிநாதன் உத்தரவிட்டார். ஏற்றப்பட்டது. முதல் பதினைந்து நாள் சங்கரி அம்மியில் அரைத்தாள். அவர் முகம் சுளித்துச் சாப்பிட்டார். பிறகு அலுவலக வேலையாக மணிமுத்தாறு அணைக்குப் போய் இரண்டு நாள் தங்கினார். மிக்ஸி இறங்கியது. திரும்பி வந்து முதல் கவளம் வாயில் வைத்தவர், "பாத்தியா, கை பழகிட்டு! கல்லு இப்போதான் உனக்கு வசப்பட்டிருக்கு," என்றார். அன்றிலிருந்து தெருவெல்லாம் அவள் அம்மிக்கைப் பக்குவத்தைப் புகழ்ந்து வருகிறார். பேரவை பிறந்ததே அந்தப் புகழிலிருந்துதான்.

மிக்ஸியை அவள் ஒளித்துக்கூட வைக்கவில்லை. மேடையிலேயே இருந்தது, மேலே ஒரு பழைய துண்டு போர்த்தி. அடுக்களைக்குள் அவர் வருவதில்லை. அதன் சத்தத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டியிருந்தது. தினமும் விடியற்காலையில் அவர் ஸ்கூட்டரில் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளித்து வருவார். அவர் தாமிரவருணியில் முங்கும் நேரமே மிக்ஸி ஓடும் நேரம்.

அன்று மத்தியானம் புறவாசல் வழியாக அன்னத்தாய் வந்தாள். நெல்லையப்பனின் மனைவி. நாளைய மிக்ஸிச் சொதியை வைக்க வேண்டியவள். ஐம்பது தாண்டியவள்.

"ஏட்டி சங்கரி, நாளைக்குச் சாயங்காலத்தோட என் மிக்ஸி போயிரும்லா?"

"அண்ணாச்சிட்ட சொல்லிப் பாத்தியளா மதினி?"

"சொன்னேன். அம்மி அரைச்சா தோள்நோவு பறந்து போயிருமாம். உங்க வீட்டு அண்ணாச்சி பேச்சுல சொன்னாவளாம்." அன்னத்தாய் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அது காதுவரை போய் நின்றுவிட்டது. "இம்புட்டுத்தான் ஏறுது. கொண்டைகூட மருமகதான் போட்டு விடுதா. இந்தக் கையை வச்சு நான் தினம் தேங்காய் அரைக்கணுமாம். தெருவுல இன்னும் பதினோரு வீட்டுல இதே கதைதான், பாத்துக்கோ."

சங்கரி தரையைப் பார்த்தாள்.

"நீ எதுல அரைக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போகும்ட்டி. உன் சொதியைச் சொல்லித்தானே இம்புட்டும் செய்யுதாவ."

"தெருவுல எல்லார் முன்னாலயும் அவிய நாக்கை எப்பிடி மதினி..."

"அவிய நாக்கு பெருசா, என் தோள் பெருசா?"

சங்கரிக்கு விடை தெரிந்திருந்தது. விடை சொல்லித்தான் பழக்கமில்லை.

சாயங்காலம் அவள் தன்னால் முடிந்த அளவுக்கு ஒரு முயற்சி செய்தாள். "என்னங்க, ரெண்டு சட்டியிலயும் எது எதுன்னு எழுதாம வச்சு ருசி பாத்தா என்ன?"

"என்னத்துக்கு?"

"சோதனைன்னா அப்பிடித்தான் செய்வாங்க."

"பி.எஸ்ஸி.!" என்றார் அவர், மிகுந்த கனிவுடன். "அதெல்லாம் எலிக்குச் செய்யுத சோதனை. இது நாக்கு."

ஞாயிறு விடியற்காலை அவர் ஆற்றுக்குப் போனதும் சங்கரி துண்டை எடுத்தாள். அம்மியில் அரைத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் ஆறு வருடமாக அவர் அறிந்த அம்மிச் சுவை மிக்ஸியினுடையது. இன்று போய் நிஜமாகவே அம்மியில் அரைத்தால் கண்டுபிடித்துவிடுவார். தேங்காய் அரைபட்டது. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைபட்டன. துண்டு மீண்டும் போர்த்தப்பட்டது.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். "ஆகா! கல்லு மணம் தெருமுனைக்கு வருது."

ஈரத் தலையோடு விசிறிக்கடியில் உட்கார்ந்தார். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. கடிகாரம் ஏழடித்தது.

"கரண்டு போயிட்டு," என்றாள் சங்கரி.

"ஞாயித்துக்கெழமைலா. வேலை பாப்பான். பைய வரும்."

பைய வரவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பேரவை கூடியபோதும் விசிறி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எழுவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, 'மீட்போம் அம்மியை!' என்ற துண்டறிக்கையால் விசிறிக்கொண்டார்கள். கரண்டு இல்லாததற்கும் சொதிக்கும் உள்ள தொடர்பு பேரவையின் வரம்புக்குள் வரவில்லை.

நடுநிலையாளராக ஓய்வுபெற்ற ஆசிரியர் இஸ்ரவேல் அழைக்கப்பட்டிருந்தார். அவர் வீட்டில் சொதி வைக்கும் வழக்கம் இல்லாததால் அவருக்குச் சார்பு இருக்காது என்று பேரவை கருதியது. அவர் கருதியது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

இரண்டு சட்டிகள் வந்தன. ஒன்றில் 'கல்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. மற்றதில் 'கரண்டு'.

தலைவர் 'கல்'லை எடுத்து, கண்ணை மூடி, ஒரு வாய் உறிஞ்சினார். சட்டியைக் கீழே வைத்தார். பிறகு ஒரே சொல் சொன்னார்.

"உசிரு."

"உசிரு!" என்றார்கள் அறுவரும்.

அடுத்தது 'கரண்டு'. உதட்டில் பட்டதும் அவர் முகம் கோணியது. எழுந்து முற்றத்துக்கு ஓடித் துப்பினார். உறுப்பினர்கள் பதவி வரிசைப்படி ஓடித் துப்பினார்கள். தன் வீட்டுச் சொதியைத் துப்பிவிட்டு வந்த நெல்லையப்பன் தியாகி போல நின்றார்.

"இரும்பு வாடை," என்றார் தலைவர். "தேங்காய் பொசுங்கிப் போச்சு. இதைத் தின்னுதவனுக்குப் பாசம் எங்கன இருந்து வரும்?"

இஸ்ரவேல் இரண்டையும் நிதானமாகக் குடித்து முடித்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு வே. ரெண்டாவதுல இஞ்சி கொஞ்சம் தூக்கலு. நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

'நடுநிலையாளர் உடல்நலக் குறைவால் கருத்துக் கூறவில்லை' என்று நெல்லையப்பன் பதிவு செய்தார்.

அடுக்களை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சங்கரி திரும்பினாள். உள்ளே, தன் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்த அன்னத்தாய் சுவரில் சாய்ந்து ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். வலது தோள் கீழே இறங்கியிருந்தது. வலது கை ஒரு கிண்ணத்து மோரில் மூழ்கியிருந்தது.

"என்ன மதினி இது?"

"மிளகாய் எரிச்சல். ஒண்ணுமில்ல."

மிக்ஸிக்குள் யாரும் கையை விட்டு மிளகாய் அரைப்பதில்லை. சங்கரி அந்தக் கையைப் பார்த்தாள். முன்னறை விசிறியைப் பார்த்தாள்.

"மதினி, எதுல அரைச்சிய?"

அன்னத்தாய் மோரிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கை ரத்தமாய்ச் சிவந்திருந்தது. அவள் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

"சத்தம் போடாதட்டி. பன்னெண்டு மணிக்கு வைக்கணும்னாவ. இப்போ சொன்னா, துப்புனதுக்கும் என் கைதான் காரணம்பாவ."

முன்னறையில் நெல்லையப்பன் முதல் தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார்: "இத்தெருவிலுள்ள மிக்ஸிகள் யாவும் இன்று மாலை ஆறு மணிக்குள் பேரவையிடம் ஒப்படைக்கப்பட வேண்டியது. இனி இத்தெருவில் அரைக்கத்தக்கன யாவும் அம்மியிலேயே அரைக்கப்பட வேண்டியது."

"யாரு அரைக்கணும்?" என்றார் இஸ்ரவேல், வாய் நிறையச் சோற்றுடன்.

"தீர்மானத்துல ஆள் பேரைப் போடுத வழக்கம் இல்ல."

"நிறைவேத்துததுக்கு முன்னால," தலைவர் கை உயர்த்தினார், "நம்ம 'அம்மி அரசி'க்கு மரியாதை செய்யணும். ஏ சங்கரி, இங்கன வா."

தட்டில் சால்வை நீட்டப்பட்டது. சங்கரி வந்து நின்றாள். தட்டை வாங்கவில்லை.

"ரெண்டு வார்த்தை பேசு. பயப்படாத. நன்றின்னு சொன்னாப் போதும்."

எதிர்வீட்டுத் திண்ணையிலும் ஜன்னலிலும் தெருப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். விசில் வருவதற்கு முன் குக்கரில் முதலில் ஒரு சீறல்தான் வரும். சங்கரியின் குரலும் அப்படித்தான் வந்தது.

"கரண்டு காலையில ஏழு மணிக்கே போயிட்டு."

எழுவரும் மறுபடி விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"அதுக்கென்ன இப்போ?" என்றார் காந்திமதிநாதன்.

"மதினி வீட்டு மிக்ஸிக்கும் கரண்டு வேணும்லா."

நெல்லையப்பனின் பேனா நின்றது. அவர் அடுக்களை வாசலைப் பார்த்தார். அன்னத்தாய் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அப்போ... நம்ம வீட்டுலயும் கரண்டு இல்லையே," என்றார் காந்திமதிநாதன். அலுவலகத்தில் தப்பான கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டவரைப் போல 'கல்' சட்டியைத் தொட்டார். "இது கல்லுதானே?"

"நீங்க குறுக்குத்துறைக்குப் போயிருந்தப்போ கரண்டு இருந்துச்சு," என்றாள் சங்கரி. "எங்க அண்ணன் குடுத்த மிக்ஸி பரண்ல இல்ல. நம்ம அடுக்களை மேடையிலதான் இருக்கு. ஒருநாள் எட்டிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். ஆறு வருசமா நீங்க முழுங்குனது எல்லாம் மிக்ஸி. இப்போ முத்தத்துல துப்பிட்டு வந்தியளே, அதுதான் அம்மி."