இருபத்து நாலு முகமும் ஒரு மைசூர்பாகும்

மனித வகைகளில் எழுநூற்றுப் பன்னிரண்டை ஆரணியை விட்டு நகராமலே கண்டுபிடித்தவள் நான். சரி, எழுநூற்றைத் தள்ளிவிடுங்கள், பன்னிரண்டு நிஜம். பதிமூன்றாவதாக இப்போது ஒன்று கிளம்பியிருக்கிறது: உணர்ச்சி மேற்பார்வையாளர்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகள் பிரசவத்துக்கு டெக்சாஸ் போய், ஆறு மாதம் பேரனைக் குளிப்பாட்டி, திரும்பும்போது பெட்டியில் பாதாமும் வாயில் "அங்கெல்லாம்" என்ற சொல்லும் கொண்டுவருபவர். அங்கெல்லாம் குழந்தை விழுந்தால் உடனே அழாதாம். "எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது" என்று முறையாக அறிவித்துவிட்டுத்தான் அழுமாம். இங்கே? விழுந்ததும் அலறுகிறது, எழுந்ததும் சிரிக்கிறது. நடுவில் ஓர் அறிக்கை உண்டா?

மழலையர் பள்ளி நடத்தும் எங்கள் ஸ்வர்ணலதா மேடம் இந்த வகையில் முதல் தரம். கணவர் மாணிக்கவேல் காபி கேட்டால், அதற்குப் பின்னால் இருப்பது தனிமையா சலிப்பா என்று விசாரித்து, தலைவலி என்று அவர் சொன்னால் அது உணர்ச்சியே இல்லை என்று திருத்தி, காபி வருவதற்குள் அவருக்கு நிஜமாகவே கோபம் வரவைத்து, அந்தக் கோபத்துக்குப் பெயரும் சூட்டி மகிழ்வார். இவரிடம்தான், எல்.கே.ஜி.யின் கடைசி சீட்டுக்காக, அரைநாள் லீவு போட்டுவிட்டு அன்பரசு தன் மகள் இனியாவை அழைத்து வந்தார்.

மேஜையில் இருபத்து நாலு மஞ்சள் முகங்கள் அச்சிட்ட அட்டை. பக்கத்துத் தட்டில், முன்னால் வந்த பிள்ளைகள் தின்றது போக, ஒரே ஒரு மைசூர்பாகு. இரண்டுமே பரீட்சை.

இதில் நீ எந்த முகம் என்று மேடம் கேட்டார். இனியா அட்டையைத் தொடவில்லை, மேடத்தையே பார்த்தாள்.

"மைசூர்பாகு வேணுமா கண்ணு?"

"வேணாம்."

அன்பரசுக்கு வியர்த்தது. வெளியே யார் எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் சொல்லப் பழக்கியவரே அவர்தான். இப்போது வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்று கண்ணாலேயே கெஞ்சுகிறார். மேடமோ 'தன் ஆசையை அறியாத குழந்தை' என்று எழுதி, அங்கெல்லாம் என்று ஆரம்பித்து, சீட்டைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று முடித்தார்.

"வீட்ல நல்லா பேசுவா மேடம்," என்றார் அன்பரசு.

"ஏம்மா வேணாம்?" என்று மேடம் இனியாவிடமே கேட்டார்.

"ஒண்ணுதானே இருக்குது," என்றாள் இனியா. "நாங்க வந்ததுலேந்து நீங்க அதையே பாத்துகினு இருக்கீங்க. நீங்க துன்னுங்க."

சர்க்கரைக்குப் பயந்து மூன்று மாதமாக இனிப்பைத் தொடாதவர் மேடம். அப்போது அவர் முகத்தில் வந்தது எதுவோ, அது அட்டையில் இல்லை.

சிரிக்காதீர்கள். "இப்போ எப்படி ஃபீல் பண்றே?" என்று உங்கள் பிள்ளையை இன்று எத்தனை முறை கேட்டீர்கள்? அது பதில் சொல்லாமல் உங்கள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தீர்களா?

கடைசியில் மேடம் கண் கலங்கி, குழந்தையை மடியில் அமர்த்தி, மைசூர்பாகைத் தன் கையாலேயே ஊட்டினார் என்று எழுதி, அன்று கதவோரம் துடைப்பத்தோடு நின்ற பள்ளி ஆயா பச்சையம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்.

"மடியும் இல்ல, ஊட்டவும் இல்லீங்க," என்றாள் அவள். "கொழந்தைக்கு சீட்டுதான் குடுத்தாங்க. மைசூர்பாகை அவங்களே துன்னுட்டாங்க."